நின்ற வாக்கில் கிடைத்த காசு

காசக்காவிடம் ஒரு காசைக் கொடுத்தால் முதலில் அதைப் பார்க்கமாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையில் வைத்து, கட்டைவிரலால் அதன் ஓரத்தை ஒரு சுற்றுத் தடவிப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் லென்ஸ், தராசு, புத்தகம் எல்லாம். "கண்ணு சொல்றதுக்கு முன்னால கை சொல்லிடும்" என்பாள். பூமியைத் தோண்டி எடுத்த காசுகளுக்கு முப்பது வருஷமாக வயது சொல்லிச் சொல்லியே அவளுடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் மிச்சமிருந்தது. அவளைவிட மூத்தவர்கள்கூட வெட்கமில்லாமல் காசக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் சுரண்டி கொண்டுவந்து கொடுத்த காசை மட்டும், ஓரத்தில் கட்டைவிரல் பட்ட வேகத்தில் மேஜைமேல் வைத்துவிட்டாள். அடுப்பிலிருந்த பாத்திரத்தைத் தெரியாமல் தொட்டவள் மாதிரி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"என்னக்கா, பிடிக்கலையா?" என்றான் சுரண்டி.

"ஈரமா இருக்கு."

"மண்ணுக்குள்ள கெடந்தது பின்ன இஸ்திரி போட்டா வரும்?"

சுரண்டி குழியில் இறங்கி வேலை செய்கிறவன். மற்றவர்கள் மண்ணை வெட்டுவார்கள். இவன் சின்னக் கரண்டியை வைத்துக்கொண்டு, தூங்குகிற குழந்தையின் முகத்தைத் துடைக்கிற மாதிரி சுரண்டிச் சுரண்டி எடுப்பான். அதனால் அந்தப் பெயர். வேலையில் சுத்தக்காரன், வாயில் மட்டும் பூட்டுக் கிடையாது. அன்றைக்கு அவனே கொஞ்சம் தயங்கினான்.

"அக்கா, ஒரு விஷயம் சீட்டுல எழுதலை. எழுத எடமில்லை. இந்தக் காசு படுத்துக் கெடக்கலை. நின்னுக்கிட்டு இருந்துச்சு."

"எங்கே?"

"அடித்தரையில இல்லை. மேற்குச் சுவத்துல. தரையிலேருந்து ஒரு முழம் மேல. செங்குத்தா, ஓரம் மட்டும் வெளிய தெரிஞ்சுது. இருபது வருஷமா தோண்டுறேன், நின்ன காசை நான் பாத்ததில்லை."

அவன் சொன்னதில் விஷயம் இருக்கிறது, கேளுங்கள். தவறி விழுந்த காசானாலும் சரி, ஒருவன் வைத்துவிட்டுப் போன காசானாலும் சரி, மண்மேல் படுத்துத்தான் கிடக்கும். மேலே நூறு வருஷத்து மண் ஏறினாலும் அப்படியேதான் கிடக்கும். நிற்கிற காசு என்றால், மண் சரியும்போது அதுவும் கூடவே சரிந்திருக்க வேண்டும். சரிந்த மண்ணே அதைப் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். தானாக எந்தக் காசும் நிற்காது.

காசக்கா வேலை செய்த அறை ஒரு காலத்தில் கண் டாக்டர் வைத்திருந்த வாடகை வீட்டின் முன்னறை. டாக்டர் போன பிறகும் பெரிதிலிருந்து சிறிதாக எழுத்துகள் இறங்கும் அட்டை சுவரிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துப்போட யாருக்கும் மனம் வரவில்லை. மூலையில் ஒரு கைகழுவும் தொட்டி. ஜன்னலையொட்டி நீள மேஜை, அதில் தட்டுத் தட்டாக ஓட்டுச் சில்லு, எலும்பு, பாசிமணி, ஒவ்வொன்றுக்கும் நூல் கட்டிய சீட்டு. மேஜையின் வலது கோடியில் பதிவேடு. அதில் பேனாவால் எழுதியதை அழிக்கக் கூடாது, அடிக்கக் கூடாது. அதனால் சந்தேகமானதைப் பென்சிலில் எழுதிவைப்பார்கள். காசக்கா பென்சிலைத் தொட்டே வருஷக்கணக்காகிறது.

பதினொரு மணிக்குப் பொறுப்பாளர் வந்தார். அகழாய்வு முழுவதற்கும் அவர்தான் தலை. நல்ல மனுஷர்தான், ஆனால் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர் மாதிரி எப்போதும் அவசரம். இந்தத் தடவை அவசரத்துக்குக் காரணமும் இருந்தது. அகழாய்வு நடக்கிற மைதானத்தின் குறுக்கே சாலை வரப்போகிறது. சாலைக்காரர்கள் வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் பொறுப்பார்கள்.

"காசக்கா, காசு கெடைச்சிருக்காமே. நம்ம குழியில இதுவரைக்கும் காலம் சொல்ற பொருள் ஒண்ணுகூட கெடைக்கலை. அந்த மண்ணு ஆயிரம் வருஷமா கலையாத மண்ணு. காசும் ஆயிரம் வருஷம்னு நீங்க எழுதிட்டா, அறிக்கைய முடிச்சு வெள்ளிக்கிழமை குழிய மூடிடலாம்."

"கலையாத மண்ணுன்னு யார் சொன்னது? முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால இதே மைதானத்துல ஏழு குழி வெட்டினாங்க."

"வெட்டினாங்க. எங்க வெட்டினாங்கன்னுதான் யாருக்கும் தெரியாது. பழைய வரைபடத்துல எல்லா அளவையும் அப்ப அங்க போட்டிருந்த கொட்டகையோட மூலையிலேருந்து எடுத்திருக்காங்க. கொட்டகைய அந்த வருஷமே பிரிச்சுட்டாங்க." அவர் சிரித்தார். "இந்தக் கூத்தை நம்ம ஆளுங்க மட்டும்தான் பண்ணுவாங்க. ரெண்டாயிரம் வருஷம் முன்னால இருந்தவன் எங்க அடுப்பு வச்சான்னு அங்குலக் கணக்கா சொல்லுவோம். நேத்து நாம எங்க தோண்டினோம்னு சொல்லத் தெரியாது."

காசக்கா சிரிக்கவில்லை. அவர் போன பிறகு காசைக் கிண்ணத்தில் போட்டுக் காய்ச்சி வடித்த தண்ணீரை ஊற்றினாள். தண்ணீர் மெல்லப் பழுப்பாக மாறியது. அப்போதுதான் முதல் தடவையாக அந்தச் சத்தம் கேட்டது.

கர்... கர்... கர்... கல்லில் உலோகத்தை வைத்துத் தேய்க்கிற சத்தம். நிதானமாக, ஒரே பக்கமாக. தொட்டிக் குழாயைப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். தன் செருப்புத்தான் தரையில் உரசுகிறதோ என்று காலைத் தூக்கி வைத்துக்கொண்டாள். சத்தம் இன்னும் நாலு தடவை கேட்டுவிட்டு நின்றது.

கிண்ணத்தை மேஜையின் மறுகோடிக்குத் தள்ளிவைத்தாள். ஏனென்றால் அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதில்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்லாமல் இதற்குமேல் போக முடியாது. காசக்காவைவிட ஏழு வயது மூத்தவன். அப்பா சீக்கிரமே போய்விட்ட வீட்டில் அவன்தான் ஆண்பிள்ளை; அதற்காக மிடுக்காக இருந்தான் என்று நினைத்துவிடாதீர்கள். சரியான விளையாட்டுப்பிள்ளை. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அந்த ஏழு குழிகளில் வேலை பார்த்தவன். குழி தோண்டுகிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒரு குழியை முடித்து, அளந்து, வரைந்து, மூடுவதற்கு முன்னால், அந்த வருஷத்துக் காசு ஒன்றை அடித்தரையில் வைத்துவிட்டு ஏறுவார்கள். பின்னால் எந்தக் காலத்திலாவது ஒருவன் அங்கே தோண்டினால், "இங்கே ஏற்கெனவே தோண்டியாயிற்று, இந்த வருஷத்தில்" என்று அந்தக் காசு சொல்லும். காசு போட்டவன்தான் குழியை விட்டு ஏறுகிற கடைசி ஆள்.

அண்ணன் அதில் தன் பங்குக்கு ஒரு சேட்டை சேர்த்தான். சும்மா காசு வைத்தால் எவனோ தவறவிட்டது என்று நினைத்துவிடுவார்களாம். அதனால் வருஷம் இல்லாத பக்கத்தை வழவழவென்று தேய்த்து வைப்பான். வீட்டுப் பின்வாசல் படிக்கல்லில் உட்கார்ந்து காலையிலேயே தேய்க்க ஆரம்பித்துவிடுவான். கர்... கர்... கர்... ஏழு குழிக்கு ஏழு காசு தேய்த்து, படிக்கல்லின் ஓரத்தில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளமே விழுந்துவிட்டது. "வீட்டையும் குழி தோண்டிட்டான்" என்று அம்மா திட்டுவாள்.

ஏழாவது குழி முடிந்த அன்று மதியம் அவன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பத்தொன்பது வயதுத் தங்கை கேட்டாள்: "காசு போட்டியா?"

அவன் சட்டைப்பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டான். காசு பையிலேயே இருந்தது. "நாளைக்கு மூடுறப்ப போட்டுக்கலாம்."

"காசு போடாத குழி அரைக்குழின்னு நீதானே பீத்திக்குவே? போ, போய்ப் போட்டுட்டு வா."

"உனக்கு வரப்போற புருஷன் பாவம்" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டு போனான். மைதானம் நடந்து போகிற தூரம்தான். நாலு மணிக்கு மழை பிடித்துக்கொண்டது. அவன் திரும்பி வரவில்லை.

செத்துப்போனான் என்று யாரும் நினைக்கவில்லை. ஏனென்றால் மறுநாள் அம்மாவே சொல்லிவிட்டாள். காலையில் அம்மா மைதானத்துக்குப் போனாள், பின்னாலேயே இவளும் ஓடினாள். குழியை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். அந்த மூடிய மண்மேல் நின்றுகொண்டு அம்மா திரும்பி, "அவன் கப்பல் வேலைக்குப் போயிட்டான். என்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான்" என்றாள். கப்பல் வேலைக்கு அவன் விண்ணப்பம் போட்டிருந்ததும் உண்மைதான். பெற்றவள் வார்த்தையை யார் சந்தேகப்படுவார்கள்? உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா. அடுத்த சில வருஷங்களில் ஒருவர் அவனைத் துறைமுகத்தில் பார்த்தார், இன்னொருவர் பெண்டாட்டி பிள்ளையோடு பார்த்தார், மூன்றாமவர் அவனிடம் சில்லறையே வாங்கிவிட்டார்.

அன்றைக்குப் பிடித்த கோபம் காசக்காவை இன்னும் விடவில்லை. அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போனவன் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னானா? காசு போடப் போகிறேன் என்று என் வாயாலேயே வழியனுப்ப வைத்துவிட்டு ஓடினானே. அவன் விட்டுப்போன வீட்டைத் தூக்கி நிறுத்துவதற்காக அவள் அவன் பார்த்த வேலைக்கே போனாள், வந்த மாப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாள், கண் மங்கிப்போன அம்மாவைக் குளிப்பாட்டினாள். பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்று சும்மாவா சொன்னார்கள் என்று கறுவிக்கொண்டே எல்லாம் செய்தாள். நாசமாய்ப் போவான் என்று அவனைத் திட்டாமல் அவள் விளக்கேற்றிய நாள் குறைவு.

இப்போது சொல்லுங்கள், அந்தக் காசை அவள் எப்படிக் கையில் வைத்திருப்பாள்?

செவ்வாய்க்கிழமை லென்ஸை மாட்டிக்கொண்டு காசின்மேல் ஒட்டிய பச்சைக் களிம்பை முள்ளால் நெம்ப ஆரம்பித்தாள். ஒரு முள் அகலத்துக்கு அரை மணி நேரம் ஆகும். ஒரு பக்கம் வெறுமையாக இருந்தது. எழுத்தும் இல்லை, உருவமும் இல்லை. பழங்காசுகள் அப்படி வருவது அதிசயமில்லை. ஆனால் பல கை மாறித் தேய்ந்த காசில் கீறல்கள் எல்லாப் பக்கமும் போகும். இதில் கீறல்கள் எல்லாம் ஒரே திசையில் ஓடின.

மத்தியானம் ஓரத்தைச் சுத்தம் செய்தாள். களிம்பு விட்ட இடத்தில் வரி வரியாக, சீப்புப் பல் மாதிரி, ஒரே இடைவெளியில் கோடுகள். சம்மட்டியால் அடித்த பழங்காசில் அந்த வரி வரவே வராது. அது யந்திரம் போட்ட வரி. திங்கட்கிழமை கட்டைவிரலுக்குத் தெரிந்தது அதுதான். கண்ணுக்குத்தான் ஒரு நாள் தாமதம்.

வருஷம் இருக்கிற பக்கம் இன்னும் களிம்புக்குள்ளேயே இருந்தது. வருஷத்தை மட்டும் எடுக்க இரண்டு மணி நேர வேலை. முள்ளைக் கையில் எடுத்தாள், கீழே வைத்தாள். சுவரிலிருந்த எழுத்து அட்டையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காலம் சொல்லத்தான் சம்பளம் வாங்குகிறாள். இந்தக் காசுக்குக் காலம் சொன்னால் அண்ணனுக்கு நாள் குறித்த மாதிரி ஆகிவிடும். எங்கோ ஒரு துறைமுகத்தில் தொப்பை வைத்து, பேரப்பிள்ளை கண்டு, சௌக்கியமாக இருக்கிறானே பாவி என்று அவள் இத்தனை காலம் வயிறெரிந்தாளே, அந்த ஆளை அவளே கொல்ல வேண்டும். அதுமட்டுமா? அவனைக் குழிக்குப் போகச் சொன்னது யார்? அம்மா காதில் இது விழுந்தால் அந்த உடம்பில் என்ன மிச்சமிருக்கும்?

கர்... கர்... என்று கேட்டது. இந்தத் தடவை கிண்ணத்துப் பக்கத்திலிருந்து. கிண்ணத்தில் தண்ணீர் அசையவே இல்லை.

"சும்மா இருக்கமாட்டே?" என்றாள் சத்தமாக. வாசலில் ஓட்டுச் சில்லு கழுவிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனால் அங்கேயும் அந்தச் சத்தம். அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போது பின்வாசல் பக்கமிருந்து, தெளிவாக. போய்ப் பார்த்தாள். பின்கதவு வழக்கம்போல் தாழ்ப்பாள் போடாமல் வெறுமனே சாத்தியிருந்தது. அதை அம்மா என்றைக்குமே தாழ் போட விட்டதில்லை. படிக்கல் காலியாக இருந்தது. மழை இல்லை, யாரும் தண்ணீர் கொட்டவில்லை, ஆனால் அந்தச் சின்னப் பள்ளத்தில் மட்டும் ஈரம் இருந்தது.

"அம்மா, ஏதோ சத்தம் கேக்குதே, உனக்குக் கேக்குதா?"

அம்மா கட்டிலில் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தாள். எழுபத்தொன்பது வயது. பார்வைதான் போய்விட்டது, பக்கத்து வீட்டில் ஊசி விழுந்தால் என்ன நம்பர் ஊசி என்று சொல்லக்கூடிய காது. "எனக்கொண்ணும் கேக்கலையே" என்று சொல்லிவிட்டு ரேடியோச் சத்தத்தைக் கூட்டினாள்.

புதன்கிழமை பொறுப்பாளர் ஆள் அனுப்பினார், வியாழக்கிழமை அவரே வந்தார். "காசக்கா, நாளைக்குக் காலைல மண்ணு தள்ற மெஷின் வருது. என்னன்னு எழுதினீங்க?"

அவள் பதிவேட்டைத் திருப்பிக் காட்டினாள். எழுத்தழிந்த பழங்காசு, காலம் தெளிவில்லை என்று எழுதியிருந்தது. பென்சிலில்.

அவர் பென்சில் எழுத்தையே பார்த்தார். "நீங்களா பென்சில்ல எழுதினது?"

"நாளைக்குக் காலைல பேனாவுல எழுதறேன்."

"குழி மூடினப்புறம் எழுதி என்ன பிரயோஜனம்க்கா?" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் அதைச் சும்மாதான் சொன்னார். அவளுக்கு அது நெஞ்சில் தைத்தது.

நாலு மணிக்குச் சுரண்டி வந்து நின்றான். "அக்கா, அந்த மேற்குச் சுவரு இருக்கே, அது சுவரு மாதிரியே இல்லை. கரண்டி வச்சா வெண்ணெய் மாதிரி போகுது. பக்கத்துல இருக்குற மண்ணு கல்லா இருக்கு. நான் பொறுப்பாளர்கிட்ட சொல்லட்டுமா?"

"என்னன்னு சொல்லுவே?"

"நாம தோண்டுனது பழைய குழியோட ஓரத்தைன்னு. அந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம்தான் குழின்னு." அவன் குரலை இறக்கினான். "அங்க குனிஞ்சா எனக்கு முதுகு கூசுதுக்கா. யாரோ பின்னால நின்னு வேலைய மேற்பார்வை பாக்குற மாதிரி."

"நாளைக்குச் சொல்லலாம். நீ போ" என்றாள். அவன் போனதும் ஒரு காரியம் செய்தாள். பதிவுக்கு வந்த எந்தப் பொருளும் அறையை விட்டு வெளியே போகக் கூடாது என்பது முதல் விதி. புதிதாக வருகிறவர்களை அந்த விதியைச் சொல்லியே உருட்டி மிரட்டுகிறவள் அவள். காசைத் துணியில் சுற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

ஏன் எடுத்துப் போனாள் என்று கேட்டால் அவளுக்கே சரியாகத் தெரியாது. அம்மாவிடம் காட்டவேண்டும் என்று நினைக்கவில்லை. ஒரு ராத்திரியாவது அவன் வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

வெயில் இன்னும் இறங்கவில்லை. அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தத்தை வைத்தே, "என்னடி, சீக்கிரம் வந்துட்டே?" என்றாள். பிறகு முகத்தைத் தூக்கி, மூக்கால் காற்றை இழுத்தாள். "இடுப்புல என்ன வச்சிருக்கே?"

"ஒண்ணுமில்லை."

"ஒண்ணுமில்லாததுக்கா இப்படி மூச்சு வாங்குறே? குடு."

மறுக்க முடியாத குரல். காசக்கா துணியை அவிழ்த்து அம்மாவின் உள்ளங்கையில் காசை வைத்தாள். அம்மா அதை விரலால் தடவினாள். முதலில் ஓரம், பிறகு முகம். மகளுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. வழவழப்பான பக்கம் வந்ததும் விரல் நின்றது. அம்மா குனிந்து, இன்னொரு கையால் படிக்கல்லைத் துழாவி, அந்தப் பள்ளத்தில் காசைச் செருகிப் பார்த்தாள். அது அளவெடுத்துத் தைத்த மாதிரி உள்ளே உட்கார்ந்தது.

"குழியில இருந்ததா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"வெளிய இருந்ததா, அவன் கையில இருந்ததா?"

அந்தக் கேள்வி புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் காசக்கா படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, உனக்குத் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும்."

"அப்ப கப்பல்?"

"கப்பலும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை. நான் சொன்ன பொய் அது." அம்மா காசைப் பள்ளத்திலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "ராத்திரியெல்லாம் மழை. காலைல மழை விட்டதும் ஓடினேன். குழி இருந்த எடம் வெறுந்தரையா கெடக்கு. மெஷின்காரன் கைய கழுவிக்கிட்டு இருந்தான். மழையில ஓரமெல்லாம் சரிஞ்சுடுச்சும்மா, அதான் சீக்கிரம் மூடிட்டோம், உள்ள யாரும் இல்லை, பாத்துட்டுத்தான் மூடினேன்னான். பாக்கலைன்னு அவன் மூஞ்சியிலேயே எழுதியிருந்துச்சு. தோண்டுங்கடான்னு கத்தத்தான் வாயெடுத்தேன். அதுக்குள்ள பின்னால ஒரு குரல். திரும்பினா நீ நிக்கிறே."

"நான் என்ன சொன்னேன்?"

"ஞாபகமில்லையா?"

"இல்லை."

"'அண்ணன் காசு போடத்தானேம்மா வந்தான், நான்தானேம்மா போகச் சொன்னேன்'னு கேட்டே. உன் உதடெல்லாம் நீலமா இருந்துச்சு." அம்மா மடியிலிருந்த காசைத் திருப்பிப் போட்டாள். "தோண்டினா அவன் பொணமாத்தான் வருவான், ஒரு ராத்திரி முழுக்க மண்ணுக்குள்ள இருந்தவன். அதைப் பாத்தா நீ பிழைக்கமாட்டே. ஒருத்தன் போயிட்டான், உன்னையும் அந்தக் குழியில எறக்க எனக்கு மனசு வரலை. நீ அவனைத் திட்டிக்கிட்டே இருந்தா உயிரோட இருப்பேன்னு தோணுச்சு. திட்டட்டும்னு விட்டுட்டேன்."

பெத்த மனம் பித்து என்று இத்தனை வருஷம் சொன்னாளே, அந்தப் பித்து எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று அவள் இன்றைக்குத்தான் கண்டாள். அம்மா மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, ஐம்பது வயதுப் பெண்பிள்ளை, பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அழுதாள்.

அழுகை ஓய்ந்த பிறகு கேட்டாள்: "அவன் வரமாட்டான்னு தெரிஞ்சும் பின்கதவை ஏன் தெறந்தே வச்சே?"

"உயிரோட வர்றவனுக்கு முன்வாசல் போதாதா? பின்கதவு எதுக்குன்னு நீ ஒரு நாளாவது யோசிச்சியா?" அம்மா காசைத் தடவிக்கொண்டே சொன்னாள். "அந்தச் சத்தம் முப்பத்தொரு வருஷமா எனக்குக் கேக்குது. உனக்கு இந்த வாரம்தான் கேக்குது. காசு போடாத குழிய வச்சுக்கிட்டு அவன் எப்படிடி தூங்குவான்? போய் அவனை மேல ஏத்து. இனிமே நீ தாங்குவே."

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கெல்லாம் காசக்கா அறையில் இருந்தாள். களிம்பு அடர்த்தியாக இருந்த பக்கத்தை லென்ஸுக்கு அடியில் வைத்தாள். மைதானத்துப் பக்கம் மெஷின் உறுமுகிற சத்தம் கேட்கும்போது கடைசி இரண்டு எண்களும் வெளியே வந்துவிட்டன. அவளுக்குப் பத்தொன்பது வயதான வருஷம். பென்சில் எழுத்தை ரப்பரால் அழித்தாள். அதே இடத்தில் பேனாவால் அந்த வருஷத்தை எழுதினாள். பக்கத்தில், நின்ற வாக்கில் கிடைத்தது, மேற்குச் சுவர் சரிந்த மண், உள்ளே ஆள் இருக்கக்கூடும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். பதிவேட்டை இடுக்கிக்கொண்டு மைதானத்துக்கு ஓடினாள்.

பொறுப்பாளர் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். நேராகப் போய் மெஷினுக்கு முன்னால் நின்று, கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். அன்றைக்கு அவரிடம் அவசரமே இல்லை.

சுரண்டிதான் இறங்கினான். மேற்குச் சுவரைக் கரண்டியால் தள்ளித் தள்ளி எடுத்துக்கொண்டு போனான். மத்தியானம் மூன்று மணிக்குக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். வலது கை விரல் எலும்புகள் காசு நின்றிருந்த இடத்துக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருந்தன. கை மேல்நோக்கி நீண்டிருந்தது. போலீஸ் வந்தது, டாக்டர் வந்தார், எழுதவேண்டியதை எல்லாம் எழுதினார்கள். அண்ணன் முப்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு மேலே ஏறி வந்தான்.

எல்லாம் முடிந்து, குழியை மூடுகிற நாளும் வந்தது. காசக்கா ஏணி வழியாக இறங்கினாள். மேலே, ஓரத்திலிருந்து பத்தடி தள்ளி, சுரண்டி போட்டுக்கொடுத்த நாற்காலியில் அம்மா உட்கார்ந்திருந்தாள். காசக்கா அடித்தரையைக் கையால் தட்டிச் சமப்படுத்தி, இந்த வருஷத்துக் காசு ஒன்றை வைத்தாள். ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது. முந்தின நாள் படிக்கல்லில் உட்கார்ந்து அவளேதான் தேய்த்தாள். தேய்க்கும்போது அவள் கைச் சத்தத்தைத் தவிர வேறு சத்தம் கேட்கவில்லை.

"காசு போட்டியா?" என்று மேலேயிருந்து அம்மா கேட்டாள்.

"போட்டேன்."

"படுக்க வச்சியா?"

"படுக்கத்தாம்மா வச்சேன்."

"அப்ப ஏறி வா."

அவள் ஏணியில் கால் வைத்தாள். கண் தெரியாத அம்மா நாற்காலியில் முன்னால் சாய்ந்து, ஒவ்வொரு படிக்கும் ஏறிட்டியா, ஏறிட்டியா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசிப் படி தாண்டி, வெறுந்தரையில் நடந்து போய், அம்மாவின் கையைப் பிடித்த பிறகுதான் காசக்கா பதில் சொன்னாள்.

"ஏறிட்டேம்மா."